எதிரில் உட்கார்ந்து கேட்ட சாட்சி

என் வீட்டுக்காரர் குடியை விட்டது பற்றி எங்கள் கோயிலில் ஐந்தாறு முறை சாட்சி சொல்லியிருக்கிறார். தேவாலயத்தைத்தான் நாங்கள் கோயில் என்போம்; ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது சாட்சி. ஒவ்வொரு முறையும் நான் பெண்கள் பக்கத்தில், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட வாயைத் திறக்கவில்லை. ஊரில் நான் வாய்க்காரி என்று பெயரெடுத்தவள். நண்டு வாங்க வரும் வியாபாரிகள் என் கூடையைக் கண்டால் ஒரு எட்டு தள்ளித்தான் நிற்பார்கள். அப்படிப்பட்டவள் ஏழு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்துக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில், உப்புத்தண்ணீர் ஏரிக்கரையில் இருக்கிறது. அவர் சாயங்காலம் ஏரியில் நண்டு வலை விட்டுவிட்டு வருவார். விடியற்காலையில் போய் வலையைத் தூக்கி வருவார். கரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வலையிலிருந்து நண்டை எடுப்போம். பிறகு நான் கூடையோடு ஆரம்பாக்கத்தில் ரயிலேறி விற்கப் போவேன். இதுதான் எங்கள் பிழைப்பு. அவர் குடித்த காலத்தில் வலை விட்ட இடமே அவருக்கு மறந்துபோகும். அடுத்தவர் படகில் ஏறி நானே போய்த் தேடியிருக்கிறேன்.

குடித்தால் அவர் அடிக்கிற ரகம் இல்லை. அழுகிற ரகம். தெருவில் போகிற ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுவார். சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக் கொடுத்த எங்கள் மகள், “நைனா இப்படி இருக்குற வரைக்கும் நான் வரமாட்டேன், மாமியார் வீட்டுல மானம் போவுது” என்று சொல்லிவிட்டு ஒரு வருஷமாக வரவில்லை. பேரப்பிள்ளையை நான் போனில்தான் பார்த்தேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வரும். ஒளித்து என்ன ஆகப்போகிறது? அடித்தும் இருக்கிறேன்.

ரயிலில் எனக்குப் பழக்கமான பூக்கார அம்மா ஒருவர் இருந்தார். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மாத்திரை பெயர் எழுதிய சீட்டை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “பொடி பண்ணிக் கொழம்புல போட்டுடு. ருசியே தெரியாது. மேல குடிச்சா வாந்தி, படபடப்பு எல்லாம் வரும். பயந்துபோய் விட்டுடுவாரு. ஆனா ஒண்ணு, ஜாஸ்தியா குடிச்சார்னா உசுருக்கே ஆபத்தாயிடும், பாத்துக்கோ.” கடைசியில் சொன்னதை நான் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். டவுனில் ஒரு மருந்துக் கடையில் சீட்டைக் காட்டினேன். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பூரிக்கட்டையால் நுணுக்கி நெத்திலிக் குழம்பில் போட்டேன்.

இதில் வினை என்னவென்றால், அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம், உபவாச நாட்கள். அதே வாரம் ஜெபக்கூட்டத்தில் எங்கள் ஆயர், பாதிரியாரைத்தான் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் தலைமேல் கை வைத்து, இந்தக் குடியிலிருந்து இவரை விடுவியும் என்று உருக்கமாக ஜெபித்தார். அடுத்த நாள் அவர் குடித்தார். இரண்டாவது கிளாசிலேயே முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து, குடல் வெளியே வந்துவிடும்படி வாந்தி எடுத்து, கூட்டாளிகள் தோளில் தொங்கிக்கொண்டு வீடு வந்தார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் காலையில் என் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணெல்லாம் தண்ணீராகச் சொன்னார்.

“ஆண்டவர் என் வயித்துல கைய வச்சுட்டாருமே. எனக்கே தெரியுது. கிளாஸத் தூக்குனா உள்ளேர்ந்து வேணாம் வேணாம்னு தள்ளுறாரு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு குடிக்காத வாயிலிருந்து அழுகை வந்ததைப் பார்த்தேன். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மாத்திரையைப் படைத்ததும் ஆண்டவர்தானே என்று வக்கீல் மாதிரி எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் முதல் முறை எழுந்து நின்று சாட்சி சொன்னபோது கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. குடிகாரன் பெண்டாட்டி என்று பார்த்த அதே கண்கள். எனக்கு அது இனித்தது.

அவர் சாட்சியும் நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் வயிற்றில் ஒரு கை என்றார். பிறகு அந்தக் கை சூடாக இருந்தது என்றார். மூன்றாவது முறை தன் பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டது காதில் கேட்டது என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நினைக்க நினைக்க அவருக்கு அப்படியே ஆகிப்போனது. கடைத்தெருவில் குடிகாரர்களை நிறுத்தி வைத்துப் பேச ஆரம்பித்தார். மகள் குழந்தையோடு வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போனாள். எல்லாம் நல்லதுதான். நான்தான் நன்றாக இல்லை.

ஜெபிக்கக் கண்ணை மூடினால் பூரிக்கட்டைதான் தெரியும். எல்லாம் தெரிந்தவரிடம் எதை மறைத்து எதைக் கேட்பது? பாட்டு பாடுவேன், ஜெபம் சொல்லமாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். அவர் சோற்றைப் பிசையும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்காவது பார்ப்பேன். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். அவர் தெருமுனை தாண்டினாலே வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன், மறுபடியும் போட ஆரம்பித்துவிட்டேன். ஆண்டவர்மேலும் நம்பிக்கை இல்லை, புருஷன்மேலும் நம்பிக்கை இல்லை, பொட்டலத்தின்மேல்தான் இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில், பிடித்ததில் முதலானதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து காணிக்கையாக வைக்கும் நாள். வயல்காரர்கள் நெல்லும் பூசணிக்காயும் வைத்திருந்தார்கள். நாங்கள் ஒரு கூடை நண்டு வைத்தோம். அன்றைக்குத் திருவிருந்தும் இருந்தது. குடிக்க ஆரம்பித்த பிறகு பதினொரு வருஷமாக அவர் திருவிருந்து எடுத்ததில்லை. அந்த மட்டுக்கு அவருக்குப் பயம் உண்டு. குடியை விட்ட பிறகும், “இன்னும் கொஞ்ச நாள் போவட்டும், நல்லா சுத்தமாயிக்கிறேன்” என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். பண்டிகையன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, “இன்னிக்குப் போறேன்மே” என்றார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. திருவிருந்தில் கொடுப்பது திராட்சரசம். ஆயரின் மனைவி, எங்கள் ஆயரம்மா, திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஜாடியில் மாசக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது. அதில் போதை இருக்கும் என்று ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட என் புத்தியில் உறைக்கவில்லை. எங்களுக்கு அது ஆண்டவருடைய இரத்தம். அதைக் கடைச் சரக்கோடு சேர்த்து யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

ஆயர் முதலில் வழக்கமாக வாசிக்கும் எச்சரிக்கையை வாசித்தார். தகுதியில்லாமல் இந்தப் பந்திக்கு வருகிறவன் தனக்கே தண்டனை தேடிக்கொள்கிறான் என்பது அதன் பொருள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அப்பத்தை வாங்கினார். கிண்ணம் வந்தது. எல்லோரும் உதட்டை நனைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் பதினொரு வருஷத்துத் தாகத்தில் மடக்கென்று ஒரு வாய் குடித்துவிட்டார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்து பாதிப் பாட்டுகூட ஆகவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எழுந்து வாசலுக்குப் போவதற்குள் பண்டிகைக் காணிக்கை வைத்திருந்த இடத்திலேயே வாந்தி எடுத்தார். ஊரே பார்த்தது. எனக்கு அந்த நொடியில் விஷயம் விளங்கிவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒரே வார்த்தை.

“ஆண்டவர் என்ன ஏத்துக்கலமே.”

படபடப்பு அன்று மதியமே அடங்கிவிட்டது. மனசுதான் அடங்கவில்லை. திங்கட்கிழமை அவர் ஏரிக்குப் போகவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஆயர் வந்தபோது, “ஐயா, நீங்க வாசிச்சீங்களே, அது எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதாவது நான் சொன்னேனா? இல்லை. வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வலை விட்டார். புதன்கிழமை காலையில் கரையில் உட்கார்ந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தோம். நண்டு வலை பிரிப்பது ஒரு விதமான சிறை. இரண்டு பேர் கையும் ஒரே வலையில் மாட்டியிருக்கும். கவனம் தப்பினால் கொடுக்கு கவ்விவிடும். பாதியில் எழுந்து போக முடியாது. அவர் தலையைத் தூக்காமல், சண்டைத் தொனி எதுவும் இல்லாமல் சொன்னார்.

“சாயங்காலம் கடைக்குப் போறேன். ஒளிச்சுப் போவல, சொல்லிட்டுத்தான் போறேன். அவரே வேணாம்னுட்டாரு. இனிமே யாருக்காக இருக்கணும்? இந்தத் தடவ வாந்தி வந்தாலும் விடமாட்டேன். உள்ள நிக்கிற வரைக்கும் ஊத்துவேன்.”

பூக்கார அம்மா கடைசியில் சொன்ன வார்த்தை அப்போதுதான் என் காதில் முழுசாக விழுந்தது. இவர் செத்துவிடுவார். ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே, நான் போட்ட மருந்தால் செத்துவிடுவார்.

“அது ஆண்டவர் இல்லங்க,” என்றேன். “நான்.”

அவருக்குப் புரியவில்லை. லெந்து காலத்திலிருந்து முந்தாநாள் குழம்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். கை பழக்கத்தில் நண்டை எடுத்துக்கொண்டே இருந்தது. முழுசும் கேட்டுவிட்டு அவர் கேட்டது:

“எதுல போட்ட?”

“கொழம்புல.”

“நெத்திலிலயா?”

“எல்லாத்துலயும்தான்.”

“தெனமுமா?”

“ஒரு வாரம் மட்டும் போடல.”

வலைக்கண்ணை விலக்கி ஒரு நண்டை எடுத்தார். மாத்திரை போட்டதற்குத்தான் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“நான் கோயில்ல எழுந்து நின்னு அம்மாந்தூரம் சொல்லிக்கினு இருந்தேனே. நீ எதுத்தாப்புல உக்காந்து கேட்டுக்கினே இருந்தியே. எப்படிமே உன்னால முடிஞ்சது?”

வாய்க்காரிக்கு வாய் இல்லை. அவர் மிச்ச வலையைப் பிரித்தார். கடைசி நண்டு வரைக்கும் எடுத்து, கொடுக்கைக் கட்டி, என் கூடையில் போட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

நான் அன்று ரயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த மாத்திரையை அவர் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டுப் பாயை விரித்தேன். பயத்தில் கண் மூடாது என்று நினைத்தேன். ஆனால் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். ஏழு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. வெட்கக்கேடுதான். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். கடைக்குப் போகிறேன் என்றவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். தனக்கு மட்டும் சோறு பொங்கிக்கொண்டிருந்தார், அதுவும் குழைந்து அடிப்பிடித்து.

அதிலிருந்து மூன்றரை வாரம் நான் சமைத்ததை அவர் தொடவில்லை. தண்ணீரைக்கூடக் குடத்திலிருந்து தானே மொண்டு குடித்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு சமையல். என் குழம்பு மணக்கும்போது அவர் கருகிய முட்டையை விழுங்கிக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். நான் அவர் தட்டைப் பார்க்கலாம், அவர் என் முகத்தைப் பார்க்கலாம், அதில் தடையில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாத வீட்டில் சண்டைகூட லேசாகத்தான் இருந்தது.

ஆயரிடம் நானே போய்ச் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “நானும் தூங்கலம்மா. அவரை அவசரப்பட்டுப் பந்திக்குக் கூப்பிட்டுட்டேனோன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார். அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஆண்டவர் எங்கே உங்களைத் தள்ளினார்? மாத்திரைதான் தள்ளியிருக்கு. கொடுத்த ரசத்தை அவர் திருப்பி வாங்கலை” என்றார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுப்பதை நிறுத்திவிட்டார்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கேட்டேன். வந்தார், பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டு. டாக்டரம்மா என்னை உட்காரவைத்துக்கொண்டு கிழித்தார். இதயம் நின்றுபோகும், ஈரல் கெட்டுப்போகும், ஒருவருக்குத் தெரியாமல் அவருக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்றார். நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். என்னைத் திட்டத் திட்ட என் வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் தெளிந்ததைக் கவனித்தேன். பிறகு டாக்டரம்மா அவரிடம், இந்த மாத்திரை சிலருக்கு உதவும், ரத்தம் பரிசோதித்துப் பார்த்து, தெரிந்து சாப்பிட வேண்டும், திராட்சரசம்கூடத் தொடக்கூடாது, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். வெகுநேரம் யோசித்தார்.

“குடுங்கம்மா. ஆனா என் கையில குடுங்க. அவ கையில வேணாம்.”

சுருக்கென்றது. ஆனால் நியாயம் என்று உடனே தெரிந்தது.

அடுத்த மாதத் திருவிருந்து ஞாயிறு வந்தது. ஆயரம்மா ஜாடியைத் தொடவில்லை. அன்று காலையிலேயே திராட்சை பிழிந்து, அதையே எல்லோருக்கும் என்று ஆயர் அறிவித்தார். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

“நான் இங்க சொன்ன சாட்சி நெஜம் இல்ல,” என்றார். “பொய்யின்னு தெரியாமத்தான் சொன்னேன். கை, சூடு, கொரல் எல்லாம் நானா சேத்துக்கினது. என்ன நிறுத்துனது மாத்திரை. என் பொண்டாட்டி எனக்குத் தெரியாம போட்டுக்கினு இருந்தா. அதுல எனக்குக் கோவம், இன்னும் தீரல. ஆனா பண்டிகையன்னிக்கு ஆண்டவர் என்னத் தள்ளல. இப்ப மாத்திரைய நானே தெரிஞ்சு போட்டுக்கிறேன். இதான் இன்னிக்கு உள்ளது.”

உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக எழும் ஆமென் எழவில்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரே ஒரு ஆண் குரல் ஆமென் என்றது. அதற்குப் பிறகு எல்லோரும். எனக்கு முகம் எரிந்தது, ஆனால் தலையைக் குனியவில்லை. அன்றைக்குத்தான் ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு நான் கண்ணை மூடி ஜெபித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. நான்தான், வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். வெறும் பழரசம் என்று தெரிந்தும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. மற்றவர்கள் எழுந்த பிறகும் அவர் எழவில்லை, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நானும் அப்படியே இருந்தேன்.

வெளியே வந்ததும் இரண்டு பெண்கள் என்னை ஓரமாக இழுத்து, ரகசியமாக, “எந்தக் கடையில வாங்குன?” என்று கேட்டார்கள். “கடை பேரு சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரி பஸ் நம்பர் சொல்றேன், ரெண்டு பேருமா போங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து நான் சமைத்ததை இறக்கினேன். அவர் அடுப்புப் பக்கம் போகவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். காலித் தட்டு முன்னால் இருந்தது. குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

“இன்னா போட்டிருக்க இதுல?”

“கெழங்கா மீனு. புளி, மொளகாத்தூளு, தக்காளி, வெங்காயம், பூண்டு, உப்பு,” என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நிறுத்தினேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. “நேத்து நீங்க சமைக்கணும்னு எடுத்து வச்ச கொடுவா மீனு காணோம்னு தேடுனீங்களே. பூனை தூக்கினு போச்சுன்னு சொன்னேன். பூனை இல்ல. உங்க மேல கோவத்துல நான்தான் வித்துட்டேன்.”

என்னையே பார்த்தார். உதடு இழுத்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாசக்கணக்கில் கேட்காத சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை என் பக்கம் தள்ளினார்.

“சரி, போடு.”